பெங்களூர் க்ராஃப்ட் பியர்: டாய்ட்டா, ஆர்பரா, விண்ட்மில்ஸா, கைஸ்ட்டா? எதுக்கு எங்க போகலாம், சட்டம் எங்க இடிக்குது

சென்னைலேர்ந்து பெங்களூர் வர்ற ஃப்ரெண்ட்ஸ் முக்காவாசிப் பேர் கேக்கறது ஒரே கேள்விதான், "டாய்ட்டுக்குப் போலாமா, இல்ல வேற நல்ல இடம் இருக்கா?" 2003லேர்ந்து டாஸ்மாக் கடை பாட்டில்தான் பியர்னு பழகிட்டு வர்றவங்களுக்கு, தொட்டி கண்ணு முன்னாடி நிக்க அதுலேர்ந்து நேரா குழாய் வழியா கிளாஸுக்கு வர்ற பியர் ஒரு புது உலகம், அதனால கேள்வி நியாயமானதுதான். ஆனா பதிலை கடை பேர்ல ஆரம்பிச்சா சரிப்படாது, லைசன்ஸ்லேர்ந்து ஆரம்பிக்கணும். ஏன்னா இந்த ஊர்ல உங்க கிளாஸ்ல என்ன வருது, என்ன விலைல வருது, வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியுமா, எல்லாத்தையும் முடிவு பண்றது எக்சைஸ், அதாவது மதுவுக்கான வரி, லைசன்ஸ் விதிங்கதான்.

மைக்ரோப்ரூவரின்னா சின்ன அளவுல பியர் காய்ச்சற கடை. கர்நாடகால அந்த லைசன்ஸ்னா, காய்ச்சற இடத்துலயே வித்தாகணும், ஒரு நாளைக்கு 1,000 லிட்டருக்கு மேல காய்ச்சக்கூடாது. அதுவும் தனியா கிடைக்காது, ஏற்கனவே ஒரு பார் லைசன்ஸோ ஹோட்டல் லைசன்ஸோ கிளப் லைசன்ஸோ இருந்தா அதோட சேர்த்துதான். அந்த சிஎல்-9 பார் லைசன்ஸ் இருக்கு பாருங்க, தொண்ணூறுகளோட ஆரம்பத்துலயே புதுசா கொடுக்கறத நிறுத்திட்டாங்க, அதனால பல வருஷமா பழைய லைசன்ஸ் வச்சிருக்கறவங்ககிட்டேர்ந்து பெரிய தொகை கொடுத்து மாத்திக்கறதுதான் வழியா இருந்துச்சு. இப்ப யோசிச்சுப் பாருங்க, லைசன்ஸுக்கு அவ்ளோ காசு, ஜெர்மனிலேர்ந்தும் அமெரிக்காவுலேர்ந்தும் வர்ற மால்ட்டு (முளைகட்டி உலத்தின தானியம்), ஹாப்ஸு (கசப்பும் வாசனையும் குடுக்கற பூ), தண்ணிய ஆர்ஓ பண்ணி திரும்ப உப்பு சேர்த்து சரிக்கட்டற செலவு, இதெல்லாம் போட்டுட்டு பியர வெளில ஒரு சொட்டு விக்க முடியாதுன்னா, மொதலாளி என்ன பண்ணுவார், இடத்தப் பெருசாக்கி சேரப் போட்டு சாப்பாட்டுலயும் சேர்த்து எடுக்கப் பாப்பார். ஹென்னூர் பக்கம் இருக்கற பிக் ப்ரூஸ்கி மாதிரி குளம், மரம், மேம்பாலம் மாதிரி நடைபாதைன்னு கல்யாண மண்டபத்த விடப் பெரிய இடங்கள் முளைச்சது சும்மா ஆடம்பரத்துக்கு இல்ல, அந்த விதி அப்படித் தள்ளுது.

சரி, கடைக்கு வருவோம்.

டாய்ட், இந்திராநகர் 100 அடி ரோடு. 2010ல ஆரம்பிச்சது, ஊர்ல இந்த அலைய கிளப்பினவங்கள்ல முக்கியமானவங்க. இங்க நான் எப்பவும் சொல்றது டின்டின் டாய்ட், அது பெல்ஜியன் விட் வகை, கோதுமை அடிப்படை, கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் காய்ச்சறது. கொத்தமல்லி விதைன்ன உடனே ரசம் ஞாபகம் வரவேண்டாம், மூக்குக்கிட்ட கொண்டு போனா எலுமிச்ச எலை கசக்கின மாதிரி ஒரு வாசனை, அவ்ளோதான். பாசுமதி ப்ளாண்ட்னு ஒண்ணு, பேர்லயே அரிசி இருக்கு, அரிசி சேர்த்தா உடம்பு லேசாகும், வாய்ல தங்காது, பியரே புதுசுன்னு சொல்றவங்களுக்கு மொதல்ல அதத்தான் கைல கொடுப்பேன். டாய்ட்டோட பலம் என்னன்னா, கூட்டம். கூட்டம்னா தொட்டி சீக்கிரம் காலியாகுது, சீக்கிரம் காலியானா உங்க கிளாஸ்ல வர்றது புதுசு. அதே கூட்டம்தான் அதோட பலவீனமும், சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல போயி நின்னா எடம் கிடைக்காது, கிடைச்சாலும் பக்கத்துல இருக்கறவன் பேசறது கேக்காது.

ஆர்பர், மக்ரத் ரோடு, கருடா மாலுக்கு எதிர்ப்பக்கம். அமெரிக்கால மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் ஊர்ல இருந்த ப்ரூபப்போட பேரையும் பாணியையும் எடுத்துட்டு 2012 கடைசில இங்க வந்தது. அந்த வேர் கிளாஸ்ல தெரியும். ரேஜிங் எலிஃபண்ட்னு ஒரு ஐபிஏ (இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் தூக்கலான வகை), ஹாப்ஸ் கசப்பு நாக்கோட பின்பக்கம் போயி உக்காரும், கூடவே மாம்பழத்தோலு, பைன் மரத்துப் பிசினு மாதிரி வாசனை. டாய்ட்டையும் ஆர்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா, கோதுமை பியருக்கு டாய்ட், கசப்புக்கு ஆர்பர், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஐபிஏ விஷயத்துல ஒண்ணு தெரிஞ்சுக்கணும், ஹாப்ஸ் வாசனை நாளாக ஆக மங்கிடும், வெயிலும் சூடும் பட்டா இன்னும் வேகமா போயிடும், அதனால பாட்டில்ல கடை கடையா அலஞ்சு வர்ற ஐபிஏவுக்கும் தொட்டிப் பக்கத்துல குடிக்கற ஐபிஏவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கசப்பு பிடிக்காதவங்களுக்கு அங்கயே பெங்களூர் ப்ளிஸ்னு ஹெஃபெவைசன், அதாவது ஜெர்மன் பாணி கோதுமை பியர், இருக்கு.

இந்த ஹெஃபெவைசனப் பத்தி கொஞ்சம் சொல்லியாகணும், ஏன்னா இந்த ஊர்ல கிட்டத்தட்ட எல்லா கடையும் அத வச்சிருக்கு, ஒரு கடைய எடைபோட அதத்தான் மொதல்ல வாங்கணும். அதுல வர்ற வாழப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் பழமோ மசாலாவோ போட்டதால வர்றது இல்ல, ஈஸ்ட்டு குடுக்கறது. புளிக்கற சூடு கூடினா வாழப்பழம் தூக்கலா இருக்கும், குறைஞ்சா கிராம்பு. ரெண்டும் சமமா இருந்தா காய்ச்சறவருக்குக் கை தெரியும்னு அர்த்தம். வடிகட்டாத பியர்ங்கறதால மங்கலாத்தான் இருக்கும், அது குறை இல்ல. ஆனா வெண்ணெய் உருகின மாதிரியோ பாப்கார்ன் மாதிரியோ ஒரு வாசனை வந்தா, ஈஸ்ட்டு வேலைய முடிக்கறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டுக் குளுராக்கிட்டாங்கன்னு அர்த்தம், இல்லன்னா குழாய் சுத்தமில்ல. வொய்ட்ஃபீல்ட் பக்கம் ஒரு கடைல எனக்கு அப்படி வந்துச்சு, சொன்னதும் மாத்திக் கொடுத்துட்டாங்க, தயங்காம சொல்லுங்க, சொன்னாதான் அடுத்த தடவ ஒழுங்கா வரும். இன்னொண்ணு, கிளாஸ ஐஸ் கட்டி மாதிரி குளுர வச்சுக் கொடுத்தா வாசனையே தெரியாது, அஞ்சு நிமிஷம் கைல வச்சுக்கிட்டு அப்புறம் குடிங்க.

விண்ட்மில்ஸ் வொய்ட்ஃபீல்ட்ல, ஐடி பார்க்குங்க நடுவுல. பியர் மட்டும்னு பாத்தா டாய்ட்டுக்கும் ஆர்பருக்கும் சமமாத்தான் நிக்குது, ஆனா இங்க போறதுக்குக் காரணம் ஜாஸ். ஒசந்த கூரை, சுவரெல்லாம் புத்தகம், நடுவுல உண்மையான மேடை, பேச்சு சத்தத்த விட சாக்ஸஃபோன் மேல கேக்கற மாதிரி கட்டின கூடம். விலை கூடத்தான், ஆனா கச்சேரி கேக்கற பழக்கம் இருக்கறவங்களுக்கு அது தகும். இங்கயும் சட்டம் நுழையுது. பெங்களூர்ல பொது கேளிக்கை இடங்களுக்கு 2005ல போலீஸ் ஒரு லைசன்ஸ் ஆணை கொண்டு வந்தது, அத எதிர்த்து கேஸ் நடந்து 2018 ஜனவரில சுப்ரீம் கோர்ட் அந்த ஆணை செல்லும்னு சொல்லிடுச்சு. அப்புறம்தான் இந்திராநகர் பக்கம் பல பப்ல பாட்டே நின்னு போச்சு, கிட்டார் வாசிச்சுப் பொழச்ச பசங்க எத்தனையோ பேருக்கு வேலை போச்சு. அக்கம்பக்கத்துல குடியிருக்கறவங்க தூங்கணும்ங்கறது நியாயமான கோரிக்கைதான், அதுல எனக்கு மாத்துக்கருத்து இல்ல, ஆனா ராத்திரி பதினொண்ணு வரைக்கும் கதவச் சாத்திட்டு வாசிக்கறதயும் தெருவுக்கு ஸ்பீக்கர் வைக்கறதயும் ஒரே தட்டுல வைக்கறது சரியில்ல.

பெருசான இடங்கள், அதாவது பிக் ப்ரூஸ்கி, மாரத்தஹள்ளி அயர்ன்ஹில் வகையறா, குடும்பமா, ஆஃபீஸ் கும்பலா இருபது பேர் போறதுன்னா சரி. பியருக்காகப் போறதுன்னா எனக்கு அவ்ளோ இஷ்டம் இல்ல. முன்னாடி சொன்ன கணக்குதான், சேர் நெறயணும்னா எல்லாருக்கும் பிடிக்கற மாதிரி காய்ச்சணும், எல்லாருக்கும் பிடிக்கறதுன்னா கோதுமை பியரும் லேசான ப்ளாண்டும்தான். நல்ல லாகர், அதாவது குளுர்ல மெதுவா புளிக்கற வகை, வேணும்னா பல வாரம் தொட்டிய அடைச்சுக்கிட்டு உக்காரணும், கொஞ்சம் சூட்டுல வேகமா புளிக்கற ஏல் வகைன்னா ரெண்டு வாரத்துல ரெடி, இருக்கற நாலஞ்சு தொட்டிய வச்சுக்கிட்டு யார் காத்துட்டு இருப்பா?

இப்ப கைஸ்ட். இதுதான் இந்த ஒப்பீட்டுல வேற சாதி. கே.ஆர்.புரம் தாண்டி ஓல்ட் மெட்ராஸ் ரோட்ல முழு ப்ரூவரி கட்டி, பெரிய கெக்ல, அதாவது உலோகப் பீப்பாய்ல, அடச்சு ஊர்ல இருக்கற மத்த பப்புங்களுக்கு அனுப்பறாங்க. அங்கிள் டங்கல், வைஸ் கய், விட்டி விட், ஜேம்ஸ் ப்ளாண்ட், காமசித்ரா, இந்தப் பேரெல்லாம் சாதாரண பார்லயே குழாய்ல எழுதியிருக்கறதப் பாத்திருப்பீங்க. மைக்ரோப்ரூவரியால இது முடியாது, ப்ரூவரி லைசன்ஸாலதான் முடியும், அதுக்கு லேபிள் பதிவு, லிட்டருக்கு லிட்டர் டியூட்டின்னு செலவும் கட்டுப்பாடும் வேற தினுசு. ருசில பாத்தா அங்கிள் டங்கல், கருப்பும் சிவப்பும் கலந்த நிறம், ரொட்டித்தோலு வறுத்த வாசனை, மழை நாளுக்கு இத விட நல்ல பியர் இந்த ஊர்ல கொஞ்சம்தான். ஆனா ஒரு எச்சரிக்கை, கெக் பியரோட தரம் பாதி அந்த பப்போட கைல இருக்கு, குழாய வாராவாரம் கழுவற கடைல ஒரு மாதிரி, கழுவாத கடைல வேற மாதிரி. அதனால முடிஞ்சா அவங்க ப்ரூவரியோட இருக்கற ரெஸ்டாரண்ட்லயே ஒரு தடவ குடிச்சுப் பாத்து நாக்குல ருசிய வச்சுக்கோங்க, அப்புறம் ஊர்ல எந்தக் கடை ஒழுங்கு, எது இல்லன்னு உங்களுக்கே பிடிபடும்.

ஒரே ஒரு சாயங்காலம்தான் கைல இருக்குன்னா, என் ஓட்டு வார நாள்ல ஆறு மணிக்கு டாய்ட். ரெண்டாவது நாளும் இருந்தா ஆர்பர். விண்ட்மில்ஸ் கச்சேரி அட்டவணை பாத்துட்டு மட்டும். எங்க போனாலும் மொதல்ல சாம்பிளர் வாங்குங்க, சின்னச் சின்ன கிளாஸ்ல எல்லாத்தயும் ருசி பாத்துட்டு அப்புறம் பெரிய கிளாஸ் சொல்லலாம்.

பில்ல படிக்கவும் கத்துக்கணும். பியருக்கு ஜிஎஸ்டி கிடையாது, அது மாநில வரி. தனி ரெஸ்டாரண்ட்டா இருந்தா சாப்பாட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. ரெண்டும் தனித்தனியா வந்திருக்கான்னு பாருங்க. சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்ல, 2022ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டுச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அது சரின்னு சொல்லிடுச்சு, வேண்டாம்னு சொன்னா எடுத்தாகணும். வயசு கர்நாடகால 21, அத 18 ஆக்க 2023 ஜனவரில ஒரு வரைவு விட்டுட்டு எதிர்ப்பு வந்ததும் வாபஸ் வாங்கிட்டாங்க, அதனால காலேஜ் பசங்கள கூட்டிட்டுப் போறவங்க ஐடி கார்ட பாத்துக்கோங்க. அக்டோபர் 2 எல்லாம் கடை மூடியிருக்கும், எலெக்‌ஷன்னா ஓட்டு முடியற நேரத்துக்கு முன்னாடி 48 மணி நேரம் மூடியாகணும், ட்ரிப் ப்ளான் பண்றவங்க தேதி பாத்துக்கணும். வண்டி ஓட்டிட்டுப் போகவே போகாதீங்க, ரத்தத்துல 100 மில்லிக்கு 30 மில்லிகிராம்தான் வரம்பு, மொதல் தடவைக்கே 10,000 ரூபா வரைக்கும் அபராதம், ஜெயிலும் உண்டு. பர்ப்பிள் லைன் மெட்ரோ 2023 அக்டோபர்லேர்ந்து வொய்ட்ஃபீல்ட் வரைக்கும் முழுசா ஓடுது, டாய்ட்டுக்கு இந்திராநகர் ஸ்டேஷன், ஆர்பருக்கு எம்.ஜி. ரோடு ஸ்டேஷன்ல இறங்கி நடந்துடலாம்.

சட்டம் ஒரு நாள்ல எவ்ளோ பேர கவுக்கும்ங்கறதுக்கு 2017 போதும். நெடுஞ்சாலைலேர்ந்து 500 மீட்டருக்குள்ள மது விக்கக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2016 டிசம்பர்ல தீர்ப்பு கொடுத்துச்சு, லாரி டிரைவருங்க குடிச்சுட்டு ஓட்டறதத் தடுக்கத்தான் அது. ஆனா ஊருக்கு நடுவுல போற ரோடும் காகிதத்துல நெடுஞ்சாலைன்னு இருந்ததால 2017 ஜூலை மொத தேதி எம்.ஜி. ரோடு, இந்திராநகர் பக்கமெல்லாம் வரிசையா ஷட்டர் இறங்குச்சு. அதே மாசத்துல, நகராட்சி எல்லைக்குள்ள இருக்கற கடைங்களுக்கு இது பொருந்தாதுன்னு கோர்ட்டே விளக்கம் கொடுத்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்குச்சு. சாராயக்கடைல பாட்டில் அலமாரில காத்துட்டு இருக்கும். தொட்டில இருக்கற பியர் காத்துட்டு இருக்காது, நாளாச்சுன்னா கொட்டணும்.

இதே கொட்டற பிரச்சனைதான் 2020 லாக்டவுன்லயும் வந்துச்சு. தொட்டி நெறைய பியரு, கடை சாத்தியிருக்கு. அப்பதான் கர்நாடக அரசு மே மாசம் ஒரு அனுமதி கொடுத்துச்சு, ஒரு ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும் கண்ணாடி, பீங்கான், ஸ்டீல் பாத்திரத்துல பார்சல் எடுத்துட்டுப் போலாம், ஜூன் 30 வரைக்கும்னு. மக்கள் வரிசைல நின்னு வாங்கினாங்க, காய்ச்சறவங்களுக்கும் மூச்சு வந்துச்சு. மகாராஷ்டிராலயும் அதே வருஷம் க்ரௌலர்ல (பார்சலுக்கான மூடி போட்ட ஜாடி) விக்க அனுமதி வந்துச்சு. நான் கேக்கறது புதுசா ஒண்ணும் இல்ல, அந்த 2020 அனுமதிய நிரந்தரம் ஆக்குங்க. சீல் வச்ச கண்ணாடி பாட்டில், அதுல காய்ச்சின தேதி, ஆளுக்கு அதே 2 லிட்டர், 21 வயசு ஐடி, டியூட்டிய அந்த லிட்டர் கணக்குலயே எடுத்துக்கோங்க. வெளில விக்க முடிஞ்சா ஒரு கடைக்கு ஆயிரக்கணக்கான சதுர அடி தேவையில்ல, பசவனகுடிலயோ அல்சூர்லயோ ஒரு சின்ன சந்துல ரெண்டு தொட்டி வச்சு ஒருத்தர் ராகி போட்டு, சிக்மகளூர் காபி போட்டு தைரியமா காய்ச்சிப் பாக்கலாம்.