தமிழ் நூல்களுக்கு லைப்ரரிதிங் எவ்வளவு தூரம் உதவும்?

அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் உள்ள சார்லட் மெக்லன்பர்க் பொது நூலகம் 2006ஆம் ஆண்டில் தன் பணியாளர்களுக்கென ஒரு பயிற்சியைத் தொடங்கியது. ஹெலன் பிளோவர்ஸ் வடிவமைத்த அந்தப் பயிற்சியில் 23 சிறு பணிகள் இருந்தன. வலைப்பதிவு தொடங்குவது, படங்களைப் பகிர்வது, இணையப் பக்கங்களுக்குக் குறிச்சொல் இடுவது என ஒவ்வொன்றையும் பணியாளர் தமக்கு வாய்த்த நேரத்தில் தாமே செய்துபார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். பல நாடுகளின் நூலகங்கள் அதைத் தத்தம் தேவைக்கேற்ப மாற்றி எடுத்துக்கொண்டன. சமூக வலைக் கருவிகளை நூலகப் பணியாளர் தம் பணிக்கும் ஓய்வுக்கும் பழகிப் பார்க்கும் வழக்கத்திற்கு அதுவே பெரிய தூண்டுதலாக அமைந்தது.

அன்று நூலகர்கள் விரும்பிப் பழகிய கருவிகளில் பல இன்று இல்லை. இணையச் சுட்டிகளைச் சேமித்து வைத்த டெலிஷியஸ் பல கைகள் மாறி, 2017இல் பின்போர்டு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. அதன்பின் அங்கே புதிதாக எதையும் சேர்க்க முடியவில்லை. வலைப்பதிவுகளின் புதிய இடுகைகளை ஓரிடத்தில் திரட்டித் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. அந்த 23 பணிகளில் இடம்பெற்றிருந்த, நூல்களைப் பட்டியலிடும் தளமான லைப்ரரிதிங்கோ, டிம் ஸ்பால்டிங் 2005 ஆகஸ்டில் மேய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் தொடங்கியபோது எதைச் செய்ய முற்பட்டதோ அதையே இன்றும் செய்துவருகிறது. கல்லூரி நூலகமொன்றின் பட்டியலாக்கப் பிரிவில் பணிபுரிந்துகொண்டு, வீட்டிலும் தமிழ் நூல்களைச் சேர்த்துவரும் ஒருவர் இன்று அதை நம்பித் தொடங்கலாமா என்ற கேள்வியுடன் அதைப் பயன்படுத்திவருகிறேன். என் விடை, சில எச்சரிக்கைகளுடன், தொடங்கலாம் என்பதே.

லைப்ரரிதிங் என்பது நம்மிடம் உள்ள நூல்களை நாமே பட்டியலிட்டு, அதே நூல்களை வைத்திருக்கும் மற்றவர்களின் பட்டியல்களோடு இணைத்துப் பார்க்க உதவும் தளம். முன்பு 200 நூல்களுக்கு மேல் சேர்க்கக் கட்டணம் வாங்கினார்கள். 2020 மார்ச் முதல் எத்தனை நூல்களானாலும் கட்டணமில்லை. கைப்பேசிச் செயலியின் வழியாகப் பின்னட்டையில் உள்ள பட்டைக்குறியைப் படம்பிடித்தால் நூலின் விவரங்கள் வந்துவிடுகின்றன. 978-81 என்றோ 978-93 என்றோ தொடங்கும் இந்திய ஐ.எஸ்.பி.என். (ஒவ்வொரு நூற்பதிப்புக்கும் உரிய தனி எண்) அச்சிட்ட அண்மைக்கால நூல்களுக்கு, அவற்றின் பதிவு எங்கேனும் ஓரிடத்தில் இருக்குமானால், இந்த வழி போதுமானது.

சிக்கல் அதற்கு முந்தைய நூல்களில்தான் தொடங்குகிறது. ஐ.எஸ்.பி.என். முறையே 1970இல்தான் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. தமிழ்ப் பதிப்பகங்கள் பலவும் அதன்பின் நெடுங்காலம் வரை அதைப் பயன்படுத்தவில்லை. எண் இல்லாத நூலைத் தலைப்பைக் கொண்டோ ஆசிரியர் பெயரைக் கொண்டோதான் தேட வேண்டும். இந்த இடத்தில் லைப்ரரிதிங் மற்ற வாசகர் தளங்களை விட்டு வெகுதூரம் முன்னே நிற்கிறது. அது விற்பனைத் தளங்களின் தரவோடு நின்றுவிடாமல், நூலகங்கள் தமக்குள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் இசட் 39.50 நெறிமுறையின் வழியாக உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான நூலகங்களின் பட்டியல்களில் தேடுகிறது. அவற்றுள் முதன்மையானது வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம்.

தமிழ் நூலுக்கு அமெரிக்க நூலகம் எப்படித் துணையாகும் என்று ஒருவர் கேட்கலாம். காங்கிரஸ் நூலகம் 1962இல் புதுதில்லியில் ஓர் அலுவலகத்தைத் திறந்தது. இந்தியாவுக்கு விற்ற தானியத்துக்கு ஈடாகச் சேர்ந்திருந்த ரூபாயைக் கொண்டு, பி.எல். 480 திட்டத்தின் கீழ், தமிழ் உட்பட இந்திய மொழி நூல்களை வாங்கிப் பட்டியலிட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. நம் ஊர்ச் சிறு பதிப்பகம் வெளியிட்டு, இங்கேயே மறக்கப்பட்டுவிட்ட பல நூல்களுக்குச் சரியான பக்க எண்ணிக்கையோடும் பதிப்பாண்டோடும் ஒழுங்கான பதிவு கிடைப்பது அந்த முயற்சியின் பயன். பட்டியலாக்கம் செய்பவருக்கு இது தரும் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பெயர்ப்பக்கம் கிழிந்துபோன ஒரு பழைய தொகுப்பின் பதிப்பாண்டை அங்கே கண்டுபிடிக்கும்போது அந்நூல் மறுபடி முழுமை பெறுகிறது.

ஆயினும் அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை ரோமன் எழுத்தில்தான் உள்ளன. ழகரத்துக்கும் றகரத்துக்கும் னகரத்துக்கும் அடிக்கோடிட்ட எழுத்துகள், நெடிலுக்கு மேற்கோடு என்ற முறையான ஒலிபெயர்ப்பு அது. தமிழ் எழுத்தில் தலைப்பைத் தட்டச்சு செய்து தேடுபவர் ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரும்பிவிடக்கூடும். நூலகப் பயிற்சி உள்ளவர் ரோமன் வடிவில் தேடி எடுத்துவிடுவார். எடுத்த பதிவின் தலைப்பைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளத் தடையேதும் இல்லை. யூனிகோடு தமிழ் எல்லாப் புலங்களிலும் ஒழுங்காக ஏறுகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் பட்டியல் வைத்திருப்பவர்கள் மட்டும் அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பெயர்களின் வரிசை தனியே பேச வேண்டிய செய்தி. ஆசிரியர் பெயரில் குடும்பப்பெயர் ஒன்று இருக்கும், அது முன்னே வந்து காற்புள்ளியைத் தொடர்ந்து இயற்பெயர் வரும் என்ற மேலைநாட்டு எதிர்பார்ப்பில் இத்தளம் கட்டப்பட்டிருக்கிறது. தமிழில் குடும்பப்பெயர் இல்லை. முன்னெழுத்தும் இயற்பெயரும்தான் உண்டு. நம் நூலகங்கள் நெடுநாளாகக் கைக்கொண்டுவரும் முறைப்படி, இயற்பெயரை முதலில் எழுதிக் காற்புள்ளியிட்டு முன்னெழுத்தைப் பின்னே போட்டால் இந்தத் தளத்திலும் வரிசை சரியாக அமைகிறது. இணையத்திலிருந்து தானாக வந்து சேரும் பதிவுகளில் அப்படி இருப்பதில்லை. ஒரே எழுத்தாளர் தமிழ் எழுத்திலும் இரண்டு மூன்று ரோமன் எழுத்துக்கூட்டலிலும் வெவ்வேறு ஆட்களாக நிற்பார். சொ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் ஒருவரே என்பதை இயந்திரம் அறியாது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் அதிகாரத்தை லைப்ரரிதிங் தன் உறுப்பினர்களுக்கே கொடுத்திருக்கிறது. இத்தளத்தை நான் மதிப்பதற்கு முதற்காரணம் அதுதான். பெயர் வடிவங்களை ஒன்றாக இணைக்கலாம். ஒரே பெயர் கொண்ட இருவரைப் பிரிக்கலாம். ஒரு நூலின் பல பதிப்புகளையும் ஒரே படைப்பின் கீழ் கொண்டுவரலாம். மொழிபெயர்ப்புகளும் மூலத்தோடு ஒரே படைப்பாகவே கருதப்படும் என்பது அத்தளத்தின் நெறி. அதனால் ஒரு தமிழ் நாவலை மூலத்தில் படித்தவரும் ஆங்கிலத்தில் படித்தவரும் ஒரே பக்கத்தில் சந்திக்கிறார்கள். படைப்பு வேறு, அதன் பதிப்பு வேறு, கையில் உள்ள படி வேறு என்று உலக நூலகச் சங்கக் கூட்டமைப்பு 1998இல் வகுத்துத் தந்த கோட்பாட்டை நூலகவியல் வகுப்பில் படித்திருப்போம். அந்தக் கோட்பாட்டைப் பொதுவாசகர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம். திருக்குறளின் தலைப்பு ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதப்படுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு, தமிழைப் பொறுத்தவரை இந்த இணைப்புப் பணியில் எவ்வளவு மீதமிருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. தமிழ் அறிந்த உறுப்பினர்கள் குறைவாக இருப்பதால் அந்தப் பணி மெதுவாக நடக்கிறது. நூலகவியல் மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

பொருட்பகுப்பிலும் இதே தாராளம் உண்டு. நூலின் பொருளை எண்ணால் குறிக்கும் டியூயி பகுப்பு எண் பதிவோடு வந்தால் அதைக் காட்டும். தமிழ் இலக்கியத்துக்குரிய 894.811 என்ற எண்ணைச் சொடுக்கினால் அதன் கீழ் உறுப்பினர்கள் சேர்த்த நூல்கள் அணிவகுக்கும். அதோடு நாம் விரும்பும் குறிச்சொற்களையும் இடலாம். குறிச்சொல் என்பது கட்டுப்பாடற்றது. ஒருவர் சிறுகதை என்பார், இன்னொருவர் சிறுகதைகள் என்பார், மூன்றாமவர் ஆங்கிலத்தில் எழுதுவார். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்பை வெளியிட்டபோது ஒரு நூலின் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, அவற்றை ஒழுங்கான வரிசையில் கோத்துக் காட்டினார். குறிச்சொற்களில் முகங்கள் உண்டு, அவற்றைக் கோக்கும் ஒழுங்கு இல்லை. என் தனிப்பட்ட நூல்களுக்கு அது போதும். பலர் தேடும் ஒரு நூலகத்துக்குப் போதாது. அங்கே ஏற்றுக்கொண்ட சொற்பட்டியல் ஒன்றை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு அதிலிருந்துதான் குறிச்சொல் இட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகர் உரையாடலை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறக்கூடும். தமிழ் நூல்களுக்கான மதிப்புரைகளும் விவாதங்களும் மற்றொரு வாசகர் தளமான குட்ரீட்ஸில்தான் கூடுதல். 2007இல் தொடங்கி 2013இல் அமேசானுக்குச் சொந்தமான அத்தளம், தன் தரவைப் பிற செயலிகள் எடுத்துப் பயன்படுத்துவதற்கான புதிய அனுமதிகளை 2020 டிசம்பரில் நிறுத்திவிட்டது. லைப்ரரிதிங்கிலும் அமேசானுக்குச் சிறுபான்மைப் பங்கு உண்டு. இணையவழி நூல் விற்பனை நிறுவனமான ஏபிபுக்ஸ் 2006இல் வாங்கிய பங்கு, அந்நிறுவனத்தை அமேசான் 2008இல் வாங்கியபோது அதன் வசம் வந்தது. ஆனால் நம் பட்டியலை நாம் முழுமையாக வெளியே எடுத்துக்கொள்ளும் உரிமை இங்கே குறையவில்லை. விரிதாளில் திறக்கத்தக்க கோப்பாகவும், நூலக மென்பொருள்கள் புரிந்துகொள்ளும் மார்க் பதிவுகளாகவும் அதை இறக்கிக்கொள்ளலாம். டெலிஷியஸும் கூகுள் ரீடரும் மறைந்ததைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்த நூலகர்களுக்கு இந்த ஒரு வசதியே தேர்வைத் தீர்மானிக்கும். தரவைத் திருப்பித் தராத தளத்தில் ஆண்டுக்கணக்கில் உழைப்பைக் கொட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பணியிடத்துக்கு வருவோம். சிறு நூலகங்களுக்கென அதே நிறுவனம் 2016இல் டைனிகேட் என்ற சேவையைத் தொடங்கியது. லைப்ரரிதிங்கில் ஏற்றிய பட்டியலை வாசகர் தேடத்தக்க பக்கமாக மாற்றி, நூல் வழங்குவதையும் திரும்பப் பெறுவதையும் அதிலேயே பதிவு செய்துகொள்ளலாம். இருப்பு 20,000 வரை இருக்கலாம். அமைப்புகளுக்கு இருப்பின் அளவைப் பொறுத்து டாலரில் மாதக் கட்டணம் உண்டு என்பது நம் ஊர் வாசகசாலைகளுக்குச் சுமைதான். முழுமையான கல்லூரி நூலகத்துக்கு இது ஈடாகாது. நியூசிலாந்தில் உருவாகி 2000 முதல் பயன்பாட்டில் உள்ள கட்டற்ற நூலக மென்பொருளான கோஹா அங்கே எல்லா வகையிலும் மேல். ஆனால் கோஹாவுக்கு வழங்கி (சர்வர்) வேண்டும், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். இரண்டாயிரம் நூல்களோடு தன்னார்வலர்கள் நடத்தும் படிப்பகத்திலோ, ஒரு துறைக்குள் இயங்கும் சிறு நூலகத்திலோ அத்தகையவர் கிடைப்பது அரிது. அங்கே டைனிகேட் பொருந்தும். பின்னாளில் நூலகம் வளர்ந்தால் மார்க் பதிவுகளை இறக்கிக் கோஹாவில் ஏற்றிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். யார் எந்த நூலை எடுத்தார் என்பது வாசகரின் அந்தரங்கம். அதை வெளிநாட்டு வழங்கியில் ஏற்றுமுன் நூலகம் வாசகரின் ஒப்புதலைப் பெற வேண்டும். இந்தியாவில் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான சட்டம் இயற்றப்பட்டது. அப்படியொரு சட்டம் வராமல் இருந்திருந்தாலும் அது நம் தொழிலின் கடமை. பெயரும் தொடர்பு முகவரியும் தவிர வேறெதையும் கேட்காமல், உறுப்பினர் எண்ணை மட்டுமே கொண்டு வழங்கல் நடத்துவது இயலக்கூடியதே.

ஓய்வு நேரத்தில் நான் அதிகம் உலவும் பகுதி மறைந்தவர்களின் நூலகங்கள். தாமஸ் ஜெஃபர்சன், மரி அந்துவானெத், ஹெமிங்வே, மர்லின் மன்றோ போன்றோர் வைத்திருந்த நூல்களைப் பழைய பட்டியல்களிலிருந்தும் ஏல ஆவணங்களிலிருந்தும் திரட்டித் தன்னார்வலர்கள் அங்கே ஏற்றியிருக்கிறார்கள். ஜெஃபர்சன் 1815இல் அமெரிக்க அரசுக்கு விற்ற 6,487 நூல்களே காங்கிரஸ் நூலகத்தின் மறுபிறப்புக்கு அடித்தளம் என்பதால் அவருடைய பட்டியலை முதலில் எடுத்துக்கொண்டது பொருத்தமே. உறுப்பினர் தம் நூல்களை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, இருவருக்கும் பொதுவானவை எவை என்று பார்க்கலாம்.

அந்தப் பகுதியைப் பார்க்கும்போதெல்லாம் மறைமலையடிகள் நினைவுக்கு வருகிறார். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களைக் கொண்டு 1958இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஒரு நூலகம் உருவானது. தமிழ், வடமொழி, ஆங்கிலம் என மும்மொழியும் கற்ற ஒருவர் எவற்றை வாங்கினார், எவற்றைப் படித்தார் என்பது தனித்தமிழ் இயக்கத்தின் வரலாற்றை எழுதுபவர்களுக்கு அரிய சான்று. நூலகத்தாரின் இசைவோடு, பட்டியலாக்கம் அறிந்த நால்வர் சேர்ந்து உட்கார்ந்தால் அவருடைய தனிச்சேகரிப்பைப் பிரித்து இங்கே ஏற்றிவிட முடியும். ஆசிரியர் பெயர்களை இயற்பெயர் முன்னும் முன்னெழுத்து பின்னுமாக எழுதுவது, தலைப்பைத் தமிழிலும் ரோமனிலும் தருவது, அடிகள் கைப்பட எழுதிய குறிப்புகள் இருக்கும் படிகளுக்குத் தனிக் குறிச்சொல் இடுவது ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.