பழைய ராலே சைக்கிளுக்கு முன் ஃபோர்க்: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கடை

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் செய்த பழைய ராலே ஃபிரேமுக்கு முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) தேடுவோர், பழைய வண்ணாரப்பேட்டையில் பெயர்ப்பலகைகூட இல்லாத இந்த உதிரிபாகக் கடையை நம்பிப் போகலாம். ஃபிரேமுக்குள் நுழையும் ராலே ஃபோர்க் தண்டின் மரை அங்குலத்துக்கு 26 சுற்று, மற்ற பிரிட்டிஷ் சைக்கிள்களில் பெரும்பாலும் 24 என்பதால், பார்வைக்குப் பொருந்தும் ஃபோர்க்கில் பழைய நட்டு ஏறாமல் போவதுண்டு; கடைக்காரர் தண்டின் மேல்முனையில் இறுக்கும் என் பழைய லாக் நட்டை வாங்கி, குவியலில் இருந்த ஒவ்வொன்றிலும் விரலாலேயே திருகிப் பார்த்து, தடையின்றி இறங்கியதை மட்டும் தனியே வைத்தார். தண்டின் நீளத்தையும் பழையதோடு ஒட்டி வைத்து அளந்தார். கூடினால் வெட்டலாம், குறைந்தால் பயனில்லை. சக்கர அளவை மட்டும் நாமே நினைவூட்ட வேண்டியிருந்தது. பெயின்ட் உரிந்திருந்தாலும் ஃபோர்க்கின் கால்கள் இரண்டும் ஒரே சீராக வளைந்திருந்தன. விலை அதிகம்தான், ரசீதும் கிடையாது, பேரமும் படியவில்லை.