பேராசிரியருக்குப் பிறகு எந்த நாற்காலி? துணைவேந்தர், பதிவாளர், தேர்வாணையர், முதல்வர்: ஓர் ஒப்பீடு

காரைக்குடி வட்டாரத்தில் ஒருவருக்குப் பேராசிரியர் பதவி உயர்வு வந்துவிட்டால், உறவினர்கள் அடுத்துக் கேட்பது ‘எப்போது துணைவேந்தர்?’ என்றுதான். 1947இல் அழகப்பர் தொடங்கிய கல்லூரியும் 1985இல் உருவான அழகப்பா பல்கலைக்கழகமும் கல்விப் பதவிகளை இந்த ஊரின் வீட்டுப் பேச்சாகவே ஆக்கிவிட்டன. ஆனால் அந்தக் கேள்வி மற்ற மூன்று நாற்காலிகளை மறைத்துவிடுகிறது. நிர்வாகத்துக்கு வர விரும்பும் ஆசிரியர் முதலில் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்குப் பொறுப்பான தேர்வாணையரின் அறைக்குத்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

துணைவேந்தர் பதவியை முதலில் பார்த்துவிடுவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் பத்தாண்டுப் பேராசிரியர் அனுபவத்தையோ, அதற்கு இணையான கல்வி நிர்வாக அனுபவத்தையோ கேட்கின்றன. தமிழ்நாட்டில் தேடுதல் குழு மூன்று பெயர்களைப் பரிந்துரைக்கும். பதவிக்காலம் மூன்றாண்டு. அடிப்படைச் சம்பளம் 2,10,000 ரூபாய். நியமிக்கும் அதிகாரம் ஆளுநருக்கா மாநில அரசுக்கா என்பதே வழக்காகி, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மே மாதம் உயர் நீதிமன்ற இடைக்காலத் தடை என்று போனதை அனைவரும் அறிவோம். துணைவேந்தர் இல்லாமல் பொறுப்புக் குழுக்களே பல்கலைக்கழகங்களை நடத்திய காலமும் உண்டு. தகுதியும் உழைப்பும் இருந்தாலும் காலம் கூடிவர வேண்டிய பதவி இது. இதை மட்டுமே நம்பி இருபதாண்டுத் திட்டம் போடக் கூடாது.

பதிவாளர் நிலை வேறு. ஆட்சிக்குழுவின் செயலர் அவர். ஆவணங்களும் முத்திரையும் அவர் பொறுப்பு. பல்கலைக்கழகத்தின் மீது யார் வழக்குத் தொடுத்தாலும் மனுவில் பதிவாளரின் பதவிப்பெயர் இருக்கும். உதவிப் பேராசிரியராகவோ அதற்கு மேலோ பதினைந்து ஆண்டு பணியாற்றிய ஆசிரியரும் இந்தப் பதவிக்கு வரலாம். துணைப் பதிவாளராக எட்டாண்டு உட்பட பதினைந்து ஆண்டு நிர்வாக அனுபவம் உள்ள அலுவலரும் வரலாம். இருவகையினரில் யார் சிறந்தவர் என்று கேட்டால், கோப்பு விஷயத்தில் அலுவலர் வழி வந்தவர் பக்கமே நான் நிற்பேன். தணிக்கைத் தடைகளுக்குப் பதில் எழுதவும், பணிமூப்புப் பட்டியலைப் பிழையின்றித் தயாரிக்கவும் வகுப்பறை யாருக்கும் கற்றுத்தருவதில்லை. நேராகப் பதிவாளராகும் பேராசிரியர், முதல் ஆண்டு முழுவதும் பிரிவு அலுவலர் எழுதிய குறிப்பின் கீழ் கையெழுத்திடுபவராகவே இருந்துவிடுகிறார்.

தேர்வாணையர் பதவியை ஆசிரியர்கள் தவிர்க்கவே பார்க்கிறார்கள். பதிவாளருக்குரிய அதே 14ஆம் ஊதிய நிலைதான். ஆனால் விடுமுறை கிடையாது, தூக்கம் கிடையாது, வினாத்தாளில் ஒரு கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியே போனால் மறுநாள் செய்தித்தாளில் பெயர் வரும். ஆனாலும் பல்கலைக்கழகத்தின் முழு உடலும் தெரியும் இடம் இதுதான். சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் இணைவுக் கல்லூரிகளில் எங்கே ஆசிரியர் இல்லை, எந்தப் பாடத்தில் ஆண்டுதோறும் பிள்ளைகள் தவறுகிறார்கள், எந்தக் கல்லூரி அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை வாரி வழங்குகிறது என்பதெல்லாம் இங்கே எண்களாக வந்து விழும். விடைத்தாளில் பதிவெண் பகுதியைக் கிழித்து மறை எண் இடுவதிலிருந்து மதிப்பீட்டு முகாம், தேர்ச்சிக் குழு, மறுமதிப்பீடு, பட்டச்சான்று வரை ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மாணவரின் ஆண்டு தொங்குகிறது.

தேவகோட்டையிலோ கோட்டையூரிலோ இருக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூரில் வேலை உறுதியாகிவிட்டது. பட்டச்சான்றில் தந்தை பெயரின் முதலெழுத்து மாறியிருக்கிறது. அங்கிருந்து உண்மைத்தன்மைச் சான்று கேட்கிறார்கள். அந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த வேலை நிலைக்கும். கடல் கடந்து பிழைத்த ஊர்களுக்கு நடுவே இருக்கும் பல்கலைக்கழகத்தில் இதைவிடப் பெரிய நிர்வாகப் பணி என்ன இருக்கிறது? அந்த மேசையை நேரில் அறிந்தவர் பின்னாளில் பதிவாளரானாலும் துணைவேந்தரானாலும் எதைச் சீர்செய்வது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் முகவர்களுக்கும், துணைவேந்தருக்குப் போலவே, தவணை மூன்று ஆண்டுதான். ஆனால் அவர்கள் பெட்டியடிப் பையன் என்னும் கடைநிலைப் பயிற்சியாளாகச் சேர்ந்து, முகவருக்கு அடுத்த உதவியாளான அடுத்தாளாகி, ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கு எடுக்கப் பழகிய பிறகே மேலாள் எனப்படும் முகவரானார்கள்.

கல்லூரி முதல்வர் பாதை, மாணவர் முகம் பார்க்காமல் இருக்க முடியாதவர்களுக்கு. முனைவர் பட்டம், பதினைந்து ஆண்டு பணி, பத்து ஆய்வுக் கட்டுரைகள் ஆகியவை அடிப்படைத் தகுதி. மானியக் குழு விதிப்படி ஐந்தாண்டு, தகுதியிருந்தால் இன்னும் ஒரு ஐந்தாண்டு. உதவி பெறும் கல்லூரியில் நிர்வாகக் குழுவோடு ஒத்துப்போக வேண்டும். அரசுக் கல்லூரியில் பணிமூப்பில் பதவி வரும். இடமாறுதலும் கூடவே வரும். முதிய பெற்றோரைக் காரைக்குடியில் வைத்துப் பார்ப்பவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

நாற்பத்தைந்து வயதில் இருப்பவருக்கு நான் சொல்லும் வரிசை: பேராசிரியர் பதவி கைக்கு வரும்வரை வகுப்பறையை விடாதீர்கள், வந்ததும் தேர்வாணையர் பதவிக்கு விண்ணப்பியுங்கள், பதிவாளர் அதற்குப் பின். ஆணையை வாங்கும்போது, லீன் என்று அலுவலகத்தில் சொல்லும் துறைக்குத் திரும்பும் உரிமையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இடைப்பட்ட ஆண்டுகள் பேராசிரியர் பணிக்காலமாகக் கணக்கில் வருமா என்பதும் அந்த ஆணையிலேயே இருக்கட்டும். பின்னாளில் தேடுதல் குழு பத்தாண்டைக் கணக்கிடும்போது அந்த வரியைத்தான் தேடும். உங்களிடம் பதிவு செய்த ஆய்வாளர்களின் வழிகாட்டியாக நீடிப்பதற்கான அனுமதியையும் அன்றே பெற்றுவிடுங்கள். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு பேர் வரை வழிகாட்டலாம். அவர்களை நடுவழியில் வேறொருவரிடம் மாற்றிவிட்டுப் பதவியேற்பது நியாயமல்ல.