சோடா மாத்திரையா, காய்கறியா? சிறுநீரக நோயில் அமிலம் ஏறினால்

சிறுநீரக நோயுள்ள அம்மாவின் ரத்தப் பரிசோதனைத் தாளில், ரத்தத்தில் அமிலத்தை முறிக்கும் பொருளான பைகார்பனேட் 17 என்று இருந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினை மட்டுமே பார்த்துப் பழகிய எங்கள் கண்ணில் அந்த வரி அதுவரை பட்டதே இல்லை. 22-க்குக் கீழே போனாலே குறைவுதான். சிறுநீரகம் தளரும்போது உடலில் அன்றாடம் சேரும் அமிலம் முழுதாக வெளியேறாது. அதைச் சரிக்கட்ட எலும்பும் தசையும்தான் விலை கொடுக்கின்றன.

பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது சோடியம் பைகார்பனேட் மாத்திரை. ஆப்பசோடாவும் அதே பொருள்தான், ஆனால் கரண்டியில் அளந்தால் அளவு தப்பும். 500 மி.கி. மாத்திரை ஒன்றில் சுமார் 6 மில்லிமோல் காரம் (அமிலத்தை முறிப்பது) உண்டு. விலை குறைவு, எண்ணிக் கொடுக்கலாம். தொல்லை வாயுதான். காலையில் இரண்டு மாத்திரை போட்டதும் அம்மா நெஞ்சைத் தடவிக்கொண்டு ஏப்பம் விட்டபடியே உட்கார்ந்திருப்பார். டாக்டரிடம் கேட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்ததும் அடங்கியது. இன்னொன்று, நாளுக்கு 3 கிராம் என்றால் 800 மி.கி.க்கு மேல் சோடியம் உள்ளே போகிறது. கால் வீக்கமோ இதயக் கோளாறோ இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மற்றொரு வழி சாப்பாடு. இறைச்சி, முட்டை, சீஸ் அமிலத்தைக் கூட்டும். காய்களும் பழங்களும் குறைக்கும். எலுமிச்சை புளித்தாலும் உடலுக்குள் காரமாகத்தான் மாறும். அமெரிக்காவின் டெக்சாஸில் கொராயா, வெசன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுநீரகம் வெகுவாகத் தளர்ந்த நான்காம் நிலை நோயாளிகளுக்கு ஓராண்டு காய்கறி, பழம் கொடுத்தபோதும் பைகார்பனேட் ஏறியது, மாத்திரை அளவுக்கு இல்லாவிட்டாலும். ரத்த அழுத்தமும் இறங்கியது. இதைப் படித்ததும் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் பொட்டாசியம் ஏறும் ஆபத்து குறைவாக இருந்தவர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். நம் வீடுகளில் சிறுநீரகம் கெடுவதே பெரும்பாலும் சர்க்கரையால்! அம்மாவுக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே கூடுதல், 5.3. இளநீரும் கீரையும் ஏற்றினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். காயை வேகவைத்து நீரை வடித்தால் பொட்டாசியம் குறையும், சரி. கூடவே காரமும் ஓரளவு போய்விடும்.

உடலுக்குள் காரமாக மாறும் சிட்ரேட் சிரப்பும் உண்டு. அம்மாவைப் போலப் பொட்டாசியம் கூடியவர்களுக்குப் பொட்டாசியம் சிட்ரேட் ஆபத்து. எந்த சிட்ரேட்டானாலும் அலுமினியம் கலந்த அமில முறிவு மருந்தோடு சேரக் கூடாது.

மாத்திரைக்கும் ஆதாரம் ஒரே மாதிரி இல்லை. 2009-இல் லண்டனில் 134 பேரிடம் நடந்த ஆய்வில் சிறுநீரகம் கெடும் வேகம் குறைந்தது. 2020-இல் பிரிட்டனில் 60 வயது தாண்டிய 300 பேரிடம் பார்த்தபோது உடல் இயக்கத்தில் பலன் இல்லை, பக்க விளைவுகளே கூடின. சிறுநீரக நோய்க்கான சர்வதேச அமைப்பான கேடிகோவின் 2024 வழிகாட்டுதலும் பைகார்பனேட் 18-க்குக் கீழே போகாமல் தடுக்கத்தான் மருந்தை யோசிக்கச் சொல்கிறது.

பைகார்பனேட் 21, பொட்டாசியம் 4.2, கூடவே ரத்த அழுத்தம் என்றால் நான் முதலில் சாப்பாட்டைத்தான் மாற்றுவேன், அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு. 17-க்கு அந்த யோசனையே வேண்டாம். அம்மாவுக்கு மாத்திரை தொடர்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கறியை மட்டும் பாதியாகக் குறைத்திருக்கிறோம்.