கையை நீட்டி அடிப்பதா, உடம்போடு சுழற்றுவதா? சாஃப்ட்பால் ஸ்விங் பழக்க இரண்டு வழிகள்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் பள்ளி மைதானத்தில் பேஸுக்குப் பேஸ் (அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய இடங்கள்) 60 அடி அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டால், மூன்றாம் பேஸை ஒட்டியே தேயிலைச் செடி வந்துவிடும். அந்த இடத்தில்தான் பெண்பிள்ளைகளுக்கு, பேஸ்பால் போன்ற ஆட்டமான சாஃப்ட்பால் சொல்லித் தருகிறேன். பிட்சிங் (பந்து வீசுவது), பேஸ் ஓட்டம் எல்லாவற்றையும்விட என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி ஒன்றுதான். பேட் வீசும்போது கை என்ன செய்ய வேண்டும் என்பதை 12 வயதுப் பிள்ளைக்கு எந்தச் சொல்லில் சொல்வது?

இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று: "கைப்பிடிக் குமிழைப் பந்தைப் பார்த்துக் கொண்டுபோ, மேலிருந்து இறக்கு, கையை முழுசா நீட்டி அடி." நான் கற்றுக்கொண்டது இப்படித்தான். இன்னொன்று: "கை மடங்கியே இருக்கட்டும், பின் முழங்கை விலாப்பக்கம் வரட்டும், இடுப்பும் தோளும் திரும்பும்போது பேட்டும் கூடவே திரும்பட்டும்." முதலாவதை நீட்டு முறை என்றும் மற்றதைச் சுழல் முறை என்றும் வைத்துக்கொள்வோம்.

இந்த வாதம் அமெரிக்க பேஸ்பாலில் பழையது. 1941-இல் .406 சராசரி (ஆயிரம் முறை பேட் செய்தால் 406 முறை வெற்றிகரமாக அடிக்கும் கணக்கு) எடுத்த டெட் வில்லியம்ஸ் இடுப்புச் சுழற்சியையும் லேசாக மேல்நோக்கிய ஸ்விங்கையும் வலியுறுத்தினார். பயிற்சியாளர் சார்லி லாவ் உடம்பின் எடையை முன்னே கொண்டுவருவதையும் கையை நீட்டி முடிப்பதையும் முக்கியமாக நினைத்தார். லாவிடம் பழகிய ஜார்ஜ் பிரெட் 1980-இல் .390 எடுத்தார். ஆக, வளர்ந்த ஆட்டக்காரருக்கு இரண்டுமே பலன் தந்திருக்கின்றன. என் கவலை வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரம் மட்டுமே கிடைக்கும் பிள்ளையைப் பற்றியது.

நீட்டு முறையின் பலம், அதைச் சொல்வதும் காட்டுவதும் சுலபம். நல்ல ஆட்டக்காரியின் படத்தைக் காட்டினால் இரண்டு கையும் நேராக நீண்டு நிற்கும். ஆனால் அந்தப் படம் பெரும்பாலும் பந்து போன பிறகு எடுத்தது. பேட்டும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டுதான். அந்த நேரத்தில் முன் கை ஓரளவு நீண்டிருக்கும். பின் முழங்கை இன்னும் மடங்கித்தான் இருக்கும். இரண்டும் நேராவது அதற்கு அடுத்த கணம். சுழற்சியின் விளைவாகத் தானே நடப்பதை நாம் கட்டளையாகச் சொல்லிவிடுகிறோம். பிள்ளையும் சொன்னபடி கேட்டு, பந்து வரும் முன்பே கையை நீட்டிவிடுகிறாள்.

அப்புறம் என்ன ஆகும்? பேட் வெளியே அகலமாகச் சுற்றிக்கொண்டு வரும். உடம்புக்குக் கிட்டே வரும் பந்து பேட்டின் கழுத்தில், அதாவது கைப்பிடிக்கு மேலே ஒல்லியான பகுதியில், படும். டிசம்பர் காலை 7 மணிக் குளிரில் அலுமினிய பேட்டின் கழுத்தில் பந்து பட்டால் விரல் எப்படி விண்ணென்று தெறிக்கும் என்பது இங்கே விளையாடியவர்களுக்குத் தெரியும். இரண்டு தடவை அப்படி வலித்த பிள்ளை மூன்றாவது பந்துக்குப் பின்வாங்கி நிற்கிறாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அழுதுகொண்டே, "நீட்டினாத்தான் மிஸ் வலிக்குது" என்றாள். அன்றுதான் நான் சொல்லித் தரும் விதத்தை மாற்ற ஆரம்பித்தேன்.

வேகக் கணக்கும் சுழல் முறைக்குத்தான் சாதகம். தட்டாமாலை சுற்றும்போது கையை விரித்தால் மெதுவாகவும், மடக்கினால் வேகமாகவும் சுற்றுகிறோம் அல்லவா, அதேதான் இங்கேயும். பெண்கள் ஆட்டத்தில் பந்து வீசும் பிட்சருக்கும், பேட் செய்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் 43 அடி. மணிக்கு 90 கிலோமீட்டரில் வரும் பந்து அரை விநாடியில் வந்துவிடும். முதலிலேயே நீட்டிய கையை அந்த நேரத்துக்குள் சுற்றிக் கொண்டுவருவது சின்ன உடம்புக்குச் சிரமம்.

"மேலிருந்து கீழே இறக்கு" என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாஃப்ட்பாலில் பந்து இடுப்பு உயரத்தில் கையைவிட்டுக் கிளம்புவதால் நேராகவே வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பள்ளி ஆட்டத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகப் பந்து வளைந்து ஏறி, பிளேட்டை நெருங்கும்போது சுமார் 12 டிகிரி சரிவில் இறங்குகிறது. 90 கிலோமீட்டரில் அந்தச் சரிவு 5 டிகிரி அளவுக்குக் குறையும். இறங்கும் பந்தை இறக்கி அடித்தால் இரண்டு பாதையும் ஒரே ஒரு புள்ளியில்தான் வெட்டிக்கொள்ளும். லேசாக ஏறும் ஸ்விங் பந்தின் பாதையில் அதிக தூரம் கூடவே பயணம் செய்யும். நேரம் கொஞ்சம் தவறினாலும் பந்து பேட்டில் படும். புதிதாகப் பழகும் பிள்ளைக்குத்தானே இந்தச் சலுகை அதிகம் தேவை?

சரி, சுழல் முறையில் குறையே இல்லையா? இருக்கிறது, அதுவும் பெரிய குறை. "முழங்கையை விலாவில் ஒட்டு" என்று சொன்னால் சில பிள்ளைகள் முழங்கையைக் கைக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். முழங்கை முந்திப் போக, பேட் பின்னால் இழுபட்டு வரும். பார்ப்பதற்குக் கச்சிதமாகத் தெரிந்தாலும் பந்தில் வலு இருக்காது. கனமான பேட் கொடுத்தால் இது இன்னும் மோசமாகும். பள்ளியில் இருக்கும் பேட்டுகள் பெரும்பாலும் பெரியவர்களுக்கானவை என்பதால், சின்னப் பிள்ளைகளை மூன்று விரல்கடை மேலேற்றிப் பிடிக்கச் சொல்கிறேன். இந்தக் குறையைக் கவனிக்காமல் சுழல் முறையைப் பழக்கினால், அதற்கு நீட்டு முறையே பரவாயில்லை என்பேன்.

இதற்கு நான் கண்ட மருந்து முட்டைக்கோஸ். இங்கே தோட்டத்தில் லாரிக்கு லோடு ஏற்றும்போது கோஸை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் இடுப்பைத் திருப்பி வீசுவதை இந்தப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். சிலர் விடுமுறையில் வீசியும் இருக்கிறார்கள். அப்படி வீசும்போது யாரும் முதலில் கையை நீட்டுவதில்லை, முழங்கையையும் முன்னே தள்ளுவதில்லை. இடுப்பு திரும்பும், கை கூடவே வரும், கடைசியில் தானே நீளும். காற்று குறைந்த வாலிபாலைக் கொடுத்து, "கோஸ் வீசுற மாதிரி" என்று சொன்னால் போதும். இருபது வீச்சு முடிந்ததும் பேட்டைக் கையில் கொடுக்கிறேன். வார்த்தையால் ஒரு மாதம் விளக்கியும் வராதது அப்படிச் சீக்கிரமே வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கம்பிவேலிப் பயிற்சியை இரண்டு தரப்பிலும் செய்கிறார்கள். வயிற்றுக்கும் வேலிக்கும் நடுவே ஒரு பேட் நீளம் விட்டு நின்று, வேலியில் படாமல் வீச வேண்டும். அகலச் சுற்று இருக்கிறதா என்று சோதிக்க அது நல்லது. தினமும் செய்தால் வேலிக்குப் பயந்து கையை உள்ளே இழுக்கும் பழக்கம் வந்துவிடும். வாரம் ஒரு தடவை போதும்.

பின் முழங்கையை உயர்த்திப் பிடிக்கச் சொல்வது மூன்றாவது வழி போல அடிபடும். நிற்கும்போது முழங்கை எங்கே இருந்தாலும் ஸ்விங்கில் அது இறங்கியே ஆக வேண்டும். அதற்கு நேரம் செலவழிப்பதில்லை.

பந்து எவ்வளவு தூரம் போகிறது என்பதை வைத்து முறையை எடைபோட வேண்டாம் என்று இங்குள்ள மற்ற ஆசிரியர்களுக்கும் சொல்வேன். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 5-இல் ஒரு பங்கு குறைவு. சுமாரான அடியும் அங்கே தூரம் போகும். அதே பிள்ளை சென்னையில் ஆடும்போது பந்து முன்னாலேயே விழுந்துவிடும். பந்து பேட்டின் எந்த இடத்தில் படுகிறது, கிளம்பும்போது என்ன சத்தம் வருகிறது என்பதைத்தான் நான் கவனிக்கிறேன்.

நீட்டு முறை ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: பிளேட்டின் வெளி ஓரத்தில், உடம்பைவிட்டுத் தள்ளி வரும் பந்து. அதற்குக் கை உண்மையிலேயே இன்னும் கொஞ்சம் நீள வேண்டும். உடம்பு முழுசாகத் திரும்புவதற்கு முன்பே பந்தைத் தொட வேண்டும். மூன்றாவது மாதத்தில் பேட்டிங் டீயை (பந்தை மேலே வைத்து அடிக்கும் கம்பம்) பிளேட்டின் வெளி ஓரத்தில், கொஞ்சம் பின்தள்ளி வைத்து இதைப் பழக்குகிறேன். அங்கேயும் திரும்புவது முதலில், நீட்டுவது பிறகு. "மிஸ், முன்னாடி நீட்டாதேன்னீங்களே?" என்று கேட்கும் பிள்ளைக்கு, டீயை ஒரு தடவை உள் ஓரத்திலும் ஒரு தடவை வெளி ஓரத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பத்துப் பந்து அடிக்கச் சொல்கிறேன்.