பழைய அவுட்போர்ட் மோட்டார்: டூ ஸ்ட்ரோக்கைச் சோதிப்பது வேறு, ஃபோர் ஸ்ட்ரோக்கைச் சோதிப்பது வேறு

ஃபைபர் படகின் பின்பலகையில் மாட்ட 9.9 அல்லது 15 குதிரைத்திறனில் பழைய அவுட்போர்ட் மோட்டார் தேடினால் பெரும்பாலும் இரண்டு வகை கண்ணில் படும். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் டூ ஸ்ட்ரோக் ஒன்று. பெட்ரோலில் மட்டும் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் மற்றொன்று. புதிதாக வாங்குபவர் எரிபொருள் செலவையும் சத்தத்தையும் ஒப்பிடலாம். பழையது வாங்குபவருக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: எதன் கோளாறைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியும்?

இதில் டூ ஸ்ட்ரோக் வெளிப்படையான ஆள். வால்வு இல்லை, கேம் இல்லை, தனியாக எஞ்சின் ஆயில் தேங்கும் இடமும் இல்லை. அதனால் உள்ளே இருக்கும் தேய்மானத்தில் பெரும்பகுதியைச் சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் காட்டிக் கொடுத்துவிடும். எஞ்சினைச் சற்று ஓடவிட்டுச் சூடாக்கி, பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, அவற்றின் வயர்களை எர்த் செய்து, பிளக் துளையில் கேஜை மாட்டி, வேகத்தைக் கூட்டும் திராட்டிலை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு, முள் ஏறுவது நிற்கும்வரை கயிற்றை இழுக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதையே பாருங்கள். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்றில் 110 பி.எஸ்.ஐ., மற்றதில் 80 என்றால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் ஒட்டியிருக்கலாம், சிலிண்டர் சுவர் கீறியிருக்கலாம். மண்ணெண்ணெய் மாடல்கள் குறைந்த அழுத்தத்துக்கே வடிவமைக்கப்பட்டவை. பெட்ரோல் மாடலின் எண்ணை வைத்து அவற்றைக் கழித்துவிடக் கூடாது.

கேஜ் சொல்லாததை உரிமையாளர் சொல்வார். "அண்ணே, கரைக்கு வரும்போது எப்படி நிறுத்துவீர்கள்?" என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்துவதாகச் சொன்னால் பராமரிப்பு தெரிந்தவர். மண்ணெண்ணெயிலேயே அணைத்துவிடுபவரின் மோட்டாரில் கார்புரேட்டரையும் கரி படியும் எக்ஸாஸ்ட் பக்கத்தையும் திறந்து பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

ஃபோர் ஸ்ட்ரோக்கிடம் இதே கேஜைக் கொண்டுபோனால் ஏமாற்றம்தான். சிறிய மாடல்கள் பலவற்றில் கயிறு இழுப்பது எளிதாக வேண்டும் என்று, கிளப்பும்போது அழுத்தத்தைக் குறைக்கும் டிகம்ப்ரஷன் அமைப்பு வைத்திருப்பார்கள். நல்ல எஞ்சினும் குறைந்த எண்ணைக் காட்டும். இங்கே முதலில் இழுத்துப் பார்க்க வேண்டியது எஞ்சின் ஆயிலின் அளவைக் காட்டும் கம்பி. ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அளவுக் கோட்டுக்கு மேலே ஏறிப் பெட்ரோல் வாடை அடித்தால் எரிபொருள் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. கம்பி சுத்தமாக இருப்பதால் மட்டும் நம்பிவிடவும் முடியாது, நேற்றுத்தான் ஆயில் மாற்றியிருப்பார்கள். ஆகவே கடலில் ஓட்டியே தீர வேண்டும். தண்ணீர் டிரம்மில் போட்டு ஓட்டிக் காட்டுவது கிளம்புகிறதா என்பதற்கு மட்டுமே சாட்சி. சுமை இல்லாதபோது சூடேறும் கோளாறு வெளியே வராது. படகில் மாட்டி, முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டி, அந்த மாடலுக்குரிய சுற்று வேகத்தைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒப்பாதவரிடம் வாங்காமல் திரும்புவதே லாபம்.

ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு ஒரு சாதகம் உண்டு. மின்னணு எரிபொருள் அமைப்பு கொண்ட மாடல்கள் பலவற்றில் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது பதிவாகியிருக்கும். டீலரின் கணினியில் படித்துவிடலாம். பழைய டூ ஸ்ட்ரோக்கில் அந்தக் கணக்கு விற்பவரின் வாய்வார்த்தைதான்.

கீழ்ப்பகுதிச் சோதனை இரண்டுக்கும் ஒன்றே. கியர் ஆயிலின் அடித்திருகைச் சற்றுத் தளர்த்தினால் முதலில் தண்ணீரோ வெளுத்த எண்ணெயோ வருகிறதா என்று தெரியும். புரொப்பெல்லரைக் கழற்றினால் பின்னால் தங்கூசி (நைலான் தூண்டில் இழை) சுற்றியிருக்கலாம். தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் ரப்பர் சீலை அறுப்பது பெரும்பாலும் அதுதான். தண்ணீர் பீச்சும் துளையில் ஓட்டம் மெலிந்திருந்தால் பெரும்பாலும் குளிர்விக்கும் தண்ணீரை இறைக்கும் இம்பெல்லரை மாற்றினால் போதும். மாற்றியும் மெலிந்தே வந்தால் உள்வழிகளில் உப்பு அடைத்திருக்கலாம். பார்க்கப் போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன் கிளப்பி வைத்திருக்கிறார்கள்; குளிர்ந்த நிலையில் கிளம்பச் சிரமப்படுவதை மறைக்கவும் இருக்கலாம். உங்கள் படகுக்கு வேண்டிய மோட்டார் தண்டின் நீளம் 15 அங்குலமா 20 அங்குலமா என்று தெரிந்துகொள்ளப் படகின் பின்பலகையை அளந்துகொண்டு போவதும் நல்லது.

மண்ணெண்ணெயை நம்பியவருக்கு அதன் விலையே ஆபத்து. இலங்கையில் 2022 ஆகஸ்டில் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியதைச் சிறுபடகு மீனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தினமும் வெகுதூரம் ஓடுபவருக்கு ஃபோர் ஸ்ட்ரோக் எரிபொருளில் மிச்சம் பிடித்துத் தரும். ஆனால் 15 குதிரைத்திறனில் அது 50 கிலோவை ஒட்டி வரும். டூ ஸ்ட்ரோக் 36 கிலோ அளவில் நிற்கும். தினமும் கழற்றித் தோளில் சுமப்பவருக்கு இது சிறிய வித்தியாசம் இல்லை.

கரையோரப் பட்டறையை நம்பித் தொழில் செய்பவருக்கு நான் டூ ஸ்ட்ரோக்கையே சொல்வேன், கம்ப்ரஷனில் சிறிய குறை இருந்தாலும்கூட. ரிங் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம். எஞ்சின் ஆயில் வெளுத்த ஃபோர் ஸ்ட்ரோக்குக்குப் பேரமே வேண்டாம், பாதி விலைக்குக் கொடுத்தாலும் சரி.