பிசிஓஎஸ்: மாத்திரைக்கு அப்பால் எனக்குக் கைகொடுத்தவை

எனக்கு பிசிஓஎஸ் (ஹார்மோன் சமநிலை குலைந்து சினைப்பையையும் பீரியட்ஸையும் பாதிக்கும் கோளாறு) உறுதியாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. மாத்திரை சாப்பிட்ட காலத்திலும், டாக்டரைக் கேட்டு அதை நிறுத்திய பிறகும், மருந்தில்லாத வழிகள் சிலவற்றைத் தொடர்ந்து கடைப்பிடித்து வருகிறேன்.

யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது தசையை வலுவாக்கும் பயிற்சி. பிசிஓஎஸ் உள்ள நம்மில் பலருக்கு உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. ஈடுகட்ட அது இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த உபரி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களைக் கூட்டிவிடுகிறது. முகத்தில் முடி, பரு, தள்ளிப்போகும் பீரியட்ஸ் எல்லாவற்றிலும் அதன் கை இருக்கிறது. உழைக்கும் தசையோ, இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பிசிஓஎஸ்ஸுக்காக 2023இல் வந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சியும், அடுத்தடுத்து வராத 2 நாட்களில் தசைப் பயிற்சியும் செய்யச் சொல்கிறது. நடை மட்டும் போனபோது எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஸ்குவாட்டும் டம்பெல்லும் சேர்ந்தபிறகு, எடை அசையாத மாதங்களில்கூட பீரியட்ஸ் இடைவெளி குறைந்தது. அதனால் இப்போது எடை மெஷினைவிட, தேதி குறிக்கும் காலண்டரைத்தான் நம்புகிறேன். அதில் 90 நாள் தாண்டினால் டாக்டரிடம் போய்விடுவேன்; பீரியட்ஸ் வராமல் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல.

உணவில், இந்த டயட்தான் சிறந்தது என்று எதையும் அந்த வழிகாட்டுதல் தூக்கிப்பிடிக்கவில்லை. எனக்கு அதுவே பெரிய விடுதலை. பட்டினி கிடக்கும் முறைகளையெல்லாம் விட்டுவிட்டேன். அக்குபஞ்சர் பக்கம் நான் போகவில்லை. சீனாவில் 1000 பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைப்பேற்றுக்கு அது கூடுதல் பலன் தரவில்லை.

முகமுடிக்கு லேசர் செய்துகொண்டதில் எனக்கு முழுத் திருப்தி. இதை அழகு விஷயம் என்று ஒதுக்குபவர்கள், தினமும் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே கிளம்பும் வேதனையை அறியாதவர்கள். வளரும் கட்டத்தில் உள்ள முடியை மட்டுமே லேசர் அழிக்கும். அதனால்தான் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல முறை செய்கிறார்கள். முடியின் கறுப்பு நிறம்தான் ஒளியை ஈர்ப்பதால் நரைமுடிக்கு எடுபடாது; அதற்கு, மின்சாரத்தால் முடிவேரை ஒவ்வொன்றாக அழிக்கும் எலக்ட்ராலிசிஸ் இருக்கிறது. ஹார்மோன் காரணமாகப் புது முடி முளைக்கும் என்பதால், அவ்வப்போது மறுபடி போக வேண்டியிருக்கிறது. இதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கவுன்சலிங் பீரியட்ஸைச் சீராக்கியதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பயிற்சியைக் கைவிடாமல் இருக்க அதுதான் உதவியது. மனச்சோர்வும் பதற்றமும் நம்மிடையே அதிகம். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் அப்படியே. ஸ்கேனும் எடையும் பார்த்ததோடு டாக்டர் முடித்துக்கொண்டால், குறட்டையையும் பகல் தூக்கத்தையும் மனநிலையையும் பற்றி நீங்களாகவே பேச்சை எடுங்கள்.